கீமோ வேண்டாம், 48 நாள் கஷாயம் போதும் என்கிறார் மாமா. என்ன செய்வது?

போடிமெட்டு | ஞாயிறு, இரவு 10:52

அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி. ஊசிப் பரிசோதனை முடிவு போன வியாழக்கிழமை வந்தது. இரண்டாம் நிலை, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகையாம்), ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் ஆபரேஷன், அப்புறம் கீமோ, கதிர்வீச்சு, அதற்குப் பிறகு ஐந்து வருடமாவது தினம் ஒரு மாத்திரை என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் புதன்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் அம்மாவின் அண்ணன், அதாவது எங்கள் மாமா, மலையடிவாரத்தில் ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். 48 நாள் கஷாயம், ஒரு மெழுகு, கடும் பத்தியம். ஒரு மண்டலத்துக்கு 38 ஆயிரம். "கத்தி வைத்தால் பரவிவிடும், கீமோ போட்டால் ஆளே கரைந்துவிடுவார்" என்று அந்த வைத்தியர் சொன்னாராம். மாமா 10 ஆயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அப்பா போன பிறகு எங்களை வளர்த்தது மாமாதான். ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து வாங்கிய சம்பளத்தில் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர். அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அம்மாவோ, "அண்ணன் சொல்றபடி 48 நாள் பார்ப்போமே, சரியாகலைன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்கிறார். எதிர்வீட்டு அக்கா கீமோ எடுத்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். பயம் அங்கேதான்.

வீட்டு வாட்ஸப் குழுவில் முள் சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு வலிமையானது என்ற செய்தி மட்டும் இதுவரை நான்கு தடவை வந்துவிட்டது. சித்தி கோதுமைப்புல் சாறு என்கிறார். பெரியம்மா சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்கிறார். எல்லாருக்கும் அம்மா மேல் பாசம்தான். அதுதான் சிக்கலே.

48 நாள் தள்ளினால் என்ன ஆகும்? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, மாமாவைத் திட்டாதீர்கள்.


மின்கம்பம் | ஞாயிறு, இரவு 11:15

48 நாள் என்பது 48 நாளோடு நிற்காது நண்பரே. முடிந்ததும் "கட்டி இளகியிருக்கு, இன்னொரு மண்டலம்" என்பார்கள். எங்கள் தெருவில் மூன்று மண்டலம் போனது.


வார்டு ஏழு | ஞாயிறு, இரவு 11:48

தம்பி, நான் புற்றுநோய் வார்டில் 14 வருடமாக நர்ஸ். இப்போது இரவு ஷிப்ட், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கத்தி வைத்தால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் நோய் முற்றிய பிறகுதான் வருவார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் ஏற்கெனவே எங்கும் இருக்கும். மூடிவிடுவார்கள். மூன்று மாதத்தில் ஆள் போய்விடுவார். ஊரில் பார்ப்பவர்களுக்கு "நல்லாத்தான் இருந்தார், கத்தி வச்சாங்க, போயிட்டார்" என்றுதானே தோன்றும்? உங்கள் அம்மா இரண்டாம் நிலையில் வந்திருக்கிறார். குணமாக்கும் நோக்கத்தோடுதான் வைத்தியமே ஆரம்பிக்கிறது. அந்த வாய்ப்பு எங்கள் வார்டில் எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போகிறது என்று எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு என்ன புற்று, எந்த நிலை என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.


இயற்கைவழி | திங்கள், காலை 6:20

எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். மருந்துக் கம்பெனிகள் மூலிகையை வளர விடுமா? என் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் புற்று. கூட்டிப்போய் மூலிகை வைத்தியம் செய்தோம். ஆறு வருடமாக நன்றாக இருக்கிறார், மாடு கறக்கிறார். இதைக் கண்ணால் பார்த்த பிறகு எந்த ஆராய்ச்சியும் எனக்குத் தேவையில்லை. மாமா சொல்வதைக் கேளுங்கள். பெரியவர்கள் சொன்னால் அர்த்தம் இருக்கும்.


எண்ணும் எழுத்தும் | திங்கள், காலை 9:05

இயற்கைவழி, உங்கள் பெரியப்பா நன்றாக இருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் நீங்கள் சொன்ன அதே விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு. வழக்கமான சிகிச்சை எதுவும் வேண்டாம், மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று முடிவு செய்த 281 பேரை எடுத்துக்கொண்டு, அதே நோய், அதே நிலை, அதே வயதில் வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். நோய் வேறு உறுப்புக்குப் பரவாதவர்கள் மட்டும். மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்களுக்கு மொத்தத்தில் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் 5.68 மடங்கு. புராஸ்டேட்டில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை! ஏனென்றால் அது பெரும்பாலும் ஆமை வேகத்தில் நகரும் நோய். மருந்தே இல்லாமலும் பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பெரியப்பாவின் ஆறு வருடத்துக்குப் பாராட்டை மூலிகைக்குக் கொடுப்பதா, நோயின் சோம்பேறித்தனத்துக்குக் கொடுப்பதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதையை மார்பகப் புற்றுக்குத் தூக்கி வைக்கக் கூடாது.

போடிமெட்டு, சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டீர்கள். அதே குழு, அதே வருடம் இதையும் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு மூலிகை, வைட்டமின் என்று ஏதாவது சேர்த்துக்கொண்ட 258 பேர். இவர்களுக்கும் இறப்பு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. ஏன்? மூலிகை கொன்றதா? இல்லை. இவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவையும், 53 சதவீதம் பேர் கதிர்வீச்சையும் வேண்டாம் என்று தட்டிக் கழித்திருந்தார்கள். மற்றவர்களில் அப்படிச் செய்தவர்கள் இரண்டு, மூன்று சதவீதம்தான். இந்தத் தட்டிக் கழித்தலைக் கணக்கில் சேர்த்ததும் அந்த இரண்டு மடங்கு வித்தியாசமும் காணாமல் போய்விட்டது. கூட என்ன சேர்த்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பதுதான் ஆளைத் தீர்த்திருக்கிறது.

48 நாள் தள்ளுவதைப் பற்றி: 2020-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்று ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் ஏறுகிறது. 48 நாள் என்றால் ஏறக்குறைய ஏழு வாரம். மின்கம்பம் சொன்ன மூன்று மண்டலக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.


[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது. வைத்தியர் தொலைபேசி எண்களை இங்கே பகிர வேண்டாம். மூன்றாவது முறை சொல்கிறேன்.]


தேரிக்காடு | திங்கள், பகல் 1:30

கம்பெனிகள் மூலிகையை வளர விடாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் வளர்த்துக் கொடுத்திருக்கிறோம் ஐயா!

நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். தண்ணீர் இல்லாத செம்மண்ணிலும் வரும், ஆடு வாய் வைக்காது. இலையையும் வேரையும் காயவைத்துத் தந்தால் வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்புறம் மகள் பி.பார்ம் படிக்கும்போது சொன்னாள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்று இரண்டு பேர் இந்தச் செடி சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்த்தார்களாம். சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் வின்பிளாஸ்டின் வந்தது, பின்னாலேயே வின்கிரிஸ்டின். இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் கொடுக்கும் மருந்து.

ஆக, கீமோ மருந்துகளிலேயே சில நம் கொல்லைச் செடியும் காட்டு மரமும்தான். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பாக்ளிடாக்சல் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. ஆனால் ஒன்று. டன் கணக்கில் இலையை அரைத்தால் கிராம் கணக்கில்தான் மருந்து தேறும். அதன் அளவு கொஞ்சம் பிசகினாலும் நரம்பைத் தாக்கும். என் தோட்டத்து இலையை யாராவது கஷாயம் வைத்துக் குடித்தால் ஓடிப்போய்த் தட்டிவிடுவேன். மூலிகை என்பதால் சாது என்று நினைக்கிறார்களே, அது எனக்குப் புரிவதில்லை. எட்டியும் மூலிகைதான்.


இயற்கைவழி | திங்கள், பகல் 2:10

இலையிலிருந்து எடுத்ததை விற்றால் மருந்து, இலையாகவே கொடுத்தால் ஏமாற்று. நல்ல நியாயம்.


தாம்பரம் சித்தன் | திங்கள், இரவு 8:40

நான் சித்த மருத்துவம் ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன். இந்த இழையில் இரண்டு பக்கமும் அடி வாங்கப்போகிறவன் நான்தான், தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நிலை மார்பகப் புற்றுக்கு ஆபரேஷனை விடு, கஷாயம் குடி என்று சொல்கிறவர் என் துறைக்காரர் இல்லை. பட்டம் இருந்தாலும் இல்லைதான். புற்றைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம். 1954-இல் வந்த மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோய் இருக்கிறது. அதனால்தான் விளம்பரம் வாய்வழியாகவும் வாட்ஸப் வழியாகவும் நடக்கிறது.

அந்த மெழுகு என்ன மெழுகு என்று கேட்டீர்களா? எங்கள் நூல்களில் புற்றுக்குச் சொல்லப்பட்ட மருந்துகளில் ரசகந்தி மெழுகு என்று ஒன்று உண்டு. பெயரிலேயே ரசம் இருக்கிறது. சாப்பாட்டு ரசம் இல்லை, பாதரசம். முறையாகச் சுத்தி செய்து, அளவும் நாளும் பத்தியமும் பார்த்து, இரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டிய சரக்கு. மலையடிவாரத்தில் பேர் ஒட்டாத டப்பாவில் வருவது எப்படிச் சுத்தியானது என்று யாருக்குத் தெரியும்? சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டால் அப்புறம் கீமோவும் கொடுக்க முடியாது. இரண்டு கதவும் சாத்தப்பட்டுவிடும்.

மாமாவிடம் சண்டை போடாதீர்கள். அவரையே வைத்தியரிடம் அனுப்பி இரண்டே விஷயம் கேட்கச் சொல்லுங்கள். மருந்தில் என்னென்ன சரக்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? அவருடைய பதிவு எண் என்ன? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இரண்டும் தருகிறேன்.

அப்புறம் எங்களுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. கீமோவுக்குப் பிறகு பசி எடுக்கவில்லை, மலம் இறங்கவில்லை, தூக்கமில்லை என்று வருகிறவர்களைப் பார்க்கிறேன். நான் எழுதும் ஒவ்வொரு மருந்தையும் அவர்களுடைய புற்றுநோய் டாக்டருக்குத் தெரியப்படுத்தச் சொல்வேன். சில டாக்டர்கள் போன் செய்து பேசுவார்கள். சிலர் சீட்டைத் தூக்கி எறிவார்கள். எறிகிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. நோயாளி அடுத்த தடவை அவரிடம் எதையும் சொல்லமாட்டார், மறைத்துச் சாப்பிடுவார். அதுதான் ஆபத்து.


வைகைக்கரை | திங்கள், இரவு 9:55

மறைத்துச் சாப்பிட்டவள் நான்.

2016-இல் எனக்கும் மார்பகப் புற்றுதான். அப்போது 41 வயது. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது கீமோவுக்குப் பிறகு உடம்பு பஞ்சாகிவிட்டது. நாத்தனார் ஒரு லேகியம் வாங்கி வந்தார், இரத்தம் ஊறும் என்று. காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. நான்காவது கீமோவுக்குப் போனால், இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் எகிறியிருக்கின்றன. "வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது தடவை கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். திட்டுவார் என்ற பயம்தான், வேறென்ன? கீமோ மூன்று வாரம் தள்ளிப்போனது. கடைசியில் வீட்டுக்காரர்தான் போட்டு உடைத்தார். டாக்டர் திட்டவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா ஸ்கேன் செலவு மிச்சமாயிருக்குமே" என்றார். லேகியத்தை நிறுத்தியதும் அளவுகள் இறங்கின.

எனக்கு எது உதவியது என்றும் சொல்கிறேன். இஞ்சி. குமட்டலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைதான் முதல் ஆள், சந்தேகமில்லை. அதோடு அவரிடம் கேட்டுவிட்டு இஞ்சித் துண்டை உப்பில் தொட்டு வாயில் அடக்கிக்கொள்வேன். வாய்ப்புண் வந்தபோது உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னார்கள். ஆப்ப சோடா குடித்தால் புற்று கரையும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அதே ஆப்ப சோடாதான். குடிக்க இல்லை, கொப்பளிக்க. அப்புறம் சாயங்காலம் வைகைப் பாலத்தில் முக்கால் மணி நேர நடை. களைப்புக்கு அதைப்போல எதுவும் இல்லை. களைப்பாக இருப்பவளை நடக்கச் சொன்னால் முதலில் எரிச்சல்தான் வந்தது.

முடி கொட்டியது. முளைத்தது. முன்பைவிடச் சுருட்டையாக.


ஓலைக்கொட்டகை | திங்கள், இரவு 11:30

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்கு வாயில் புண். கடைவாய்ப் பக்கம், உள் கன்னத்தில். வெற்றிலை, புகையிலை 30 வருடப் பழக்கம். புண் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், தொடையிலிருந்து சதை எடுத்து வைப்போம் என்று சொன்னார்கள். சொன்னது ஒரு இளம் டாக்டர். வெளியே 60 பேர் காத்திருந்தார்கள். அவர் எங்களுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம் இருக்கும். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை.

அப்பா தெருக்கூத்தில் வேடம் கட்டுகிறவர். முகம்தான் அவருடைய தொழில். தாடையை எடுப்போம் என்றதும் அவர் காதில் வேறு எதுவுமே விழவில்லை.

யாரோ சொல்லி ஒரு வைத்தியரிடம் போனோம். அவர் அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசினார். என்ன கூத்து ஆடுவீர்கள், எந்த வேடம் பிடிக்கும் என்று கேட்டார். அப்பா அன்றைக்கு இரவு நன்றாகச் சாப்பிட்டார். பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டதே இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாங்கள் முட்டாள்களாகி ஏமாந்தோம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

நான்கு மாதம் ஒரு பொடியை வைத்துக் கட்டினோம். புண்ணிலிருந்து நீர் வடிந்தால் விஷம் இறங்குகிறது என்றார். வீக்கம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றார். என்ன நடந்தாலும் நல்ல அறிகுறிதான். பிறகு வாய் திறக்கவில்லை. ஒரு விரல்தான் நுழையும். கழுத்தில் கட்டி. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். அதே இளம் டாக்டர்தான். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

கடைசி இரண்டு மாதம் வலி. அதற்கு மார்பின் மாத்திரை எழுதித் தரும் ஒரு வலி நிவாரணப் பிரிவு இருப்பதே எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கொடுத்த பிறகு தூங்கினார். வைத்தியருக்குப் போன பணம் ஒரு லட்சத்துக்கு மேல். அது போகட்டும்.

தம்பி, உன் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. டாக்டரிடம் அவரைப் பேசவிடு. எங்கள் வீட்டில் முடிவெடுத்தவர் பெரியப்பா. அவரை நாங்கள் ஒரு தடவைகூட டாக்டர் முன்னால் உட்காரவைக்கவில்லை.


வார்டு ஏழு | செவ்வாய், காலை 7:10

ஷிப்ட் முடிந்து பேருந்தில் படித்தேன். அண்ணா, வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.


எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 10:20

குழுவில் வரும் மற்ற செய்திகளுக்கும் பதில் சொல்லிவிடலாம். வைட்டமின் பி17 என்று பாதாம்பழக் கொட்டை மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். அது வைட்டமினே இல்லை. ஆப்ரிகாட் கொட்டையில் இருக்கும் அமிக்டலின். அதிலிருந்து செய்த லேட்ரைல் என்ற சரக்கை அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் நோய் குணமாகவில்லை. சிலருக்கு உடம்பில் சயனைடு அளவு ஏறியதுதான் மிச்சம்.

முள் சீத்தா 10,000 மடங்கு என்பது கண்ணாடிக் குடுவையில் செல்கள் மேல் செய்த சோதனையை ஊதிப் பெருக்கியது. குடுவையில் பினாயில் ஊற்றினாலும்தான் புற்றுச் செல் சாகும். பழமாக எப்போதாவது சாப்பிடுவது வேறு. தினமும் இலைக் கஷாயம் குடிப்பது வேறு. கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்படுவதாக 1999-இலேயே எழுதிவிட்டார்கள்.

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து தன் மனைவி வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சைத் தண்ணீரால் 40 நாளில் மீண்டார் என்ற மாதிரி பேசினாரே, நினைவிருக்கிறதா? மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் இந்நாள், முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்துப் போட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அம்மையாருக்கு ஆபரேஷனும் கீமோவும் நடந்திருந்தன. 


மருந்துக்கடை மாடி | செவ்வாய், பகல் 12:45

மஞ்சள் என்றதும் ஞாபகம் வந்தது. போடிமெட்டு, அம்மாவுக்கு ஹார்மோன் பாசிட்டிவ் என்றீர்கள். அந்தத் தினசரி மாத்திரை டமாக்சிபனாக இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019-இல் நெதர்லாந்தில் 16 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. குர்குமின் என்ற மஞ்சள் சத்து மாத்திரையையும் மிளகுச் சத்தையும் டமாக்சிபனோடு கொடுத்தபோது, உடம்பில் உண்மையில் வேலை செய்யும் மருந்தின் அளவு சுமார் 12 சதவீதம்வரை இறங்கியது. மிளகுச் சத்தை ஏன் சேர்க்கிறார்கள் என்றால், மஞ்சள் தனியாகக் குடலில் ஏறாது. ஆனால் அது மஞ்சளை மட்டும் ஏற்றிவிடுவதில்லை, மற்ற மருந்துகளின் கணக்கையும் கலைத்துவிடும்.

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு இது பொருந்தாது. பயப்படாமல் சமையுங்கள். டப்பாவில் வரும் கேப்சூல்தான் பிரச்சினை. ஆபரேஷனுக்கு முன்னால் மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை இருந்தாலும் சொல்லிவிடுங்கள், இரத்தம் உறைவதில் சிக்கல் வரலாம்.


இயற்கைவழி | செவ்வாய், இரவு 9:00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியப்பா மகனிடம் போன் போட்டுக் கேட்டேன். பெரியப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம். ஹார்மோன் ஊசி என்கிறான். எனக்கு இது தெரியாது. மூலிகையும் சாப்பிடுகிறார்.

மூலிகை வேலையே செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம் இல்லை. தெரியாமல் எழுதியதைத் திருத்துகிறேன், அவ்வளவுதான்.


தேரிக்காடு | செவ்வாய், இரவு 9:12

இதை எழுத மனசு வேண்டும் ஐயா. நன்றி.


வைகைக்கரை | புதன், காலை 11:00

சர்க்கரையைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நானும் ஒரு மாதம் சோற்றையே விட்டேன். எடை ஆறு கிலோ இறங்கியது. கட்டி பட்டினி கிடக்கவில்லை, நான்தான் கிடந்தேன். உடம்பின் எல்லாச் செல்லுக்கும் சர்க்கரை வேண்டும். சாப்பிடாவிட்டால் உடம்பு தன் சதையைக் கரைத்தாவது அதைத் தயாரித்துக்கொள்ளும். இனிப்பை அள்ளித் தின்னச் சொல்லவில்லை. முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் ஆள் உருகிப்போவது.

செலவுக்கும் கவலைப்படாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றும் வரும். அட்டையை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.


போடிமெட்டு | ஞாயிறு, இரவு 9:30

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சித்த மருத்துவர் சொன்னபடி மாமாவிடம் சண்டை போடாமல், "மருந்தில் என்ன சரக்குன்னு மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க மாமா, ஆபரேஷன் டாக்டர் கேட்பார்" என்றேன். போனார். அந்த வைத்தியர் பரம்பரை ரகசியம், எழுதித் தரமாட்டேன் என்றிருக்கிறார். பதிவு எண் கேட்டதும் கோபம் வந்துவிட்டதாம். மாமா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உர மூட்டையிலகூட என்ன எத்தனை சதவீதம்னு அச்சடிச்சிருக்கான்டா" என்றார். முன்பணம் வரவில்லை. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அடுத்த நாள் மாமாவையும் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஓலைக்கொட்டகை அண்ணன் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு, கடைசி டோக்கனாக வாங்கினேன், அவசரம் இருக்காது என்று. கத்தி வைத்தால் பரவாதா என்று மாமா நேராகவே கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கட்டியை வரைந்து, சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு, கட்டியைத் தொடாமல் சுற்றியிருக்கும் நல்ல சதையோடு சேர்த்து எடுப்போம் என்று காட்டினார். மாமா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு அக்காவைப் பற்றி அம்மா கேட்டார். விசாரித்ததில் அந்த அக்காவுக்குக் கணையத்தில் புற்று, அதுவும் ஈரல்வரை பரவிய பிறகு கண்டுபிடித்தது. அம்மா அதுவரை எல்லாப் புற்றும் ஒன்று என்றே நினைத்திருந்தார்.

புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. மார்பை முழுதாக எடுக்க வேண்டிவரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டார். கையைத் தூக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மாமா நேரம் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார். கீமோ மூன்று வாரம் கழித்து.

மாமாவுக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் நிம்மதி. சமையல் முழுவதும் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் கேள்வி: கீமோ நாட்களில் காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொடுக்கலாமா? குளிர்ச்சி என்கிறார்.


வார்டு ஏழு | ஞாயிறு, இரவு 10:05

கீமோ நடக்கும் வரைக்கும் பழைய சோறு வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. மருந்து ஏறிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது இரவெல்லாம் ஊறியது, பச்சை வெங்காயம், சித்தியின் கோதுமைப்புல் சாறு எதுவும் ஆகாது. சூடாக வடித்த கஞ்சி, வேகவைத்த காய், நன்றாக வெந்த முட்டை கொடுக்கட்டும். பழம் என்றால் தோல் உரிக்கும் பழம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாமா கையிலேயே கொடுத்துவிடுங்கள். 100.4 டிகிரி காட்டினால் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காமல், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.


போடிமெட்டு | ஞாயிறு, இரவு 10:20

சொல்லிவிட்டேன் அக்கா. "சின்ன வெங்காயத்தை வதக்கிக் கொடுத்தா?" என்று கேட்கச் சொல்கிறார்.


வார்டு ஏழு | ஞாயிறு, இரவு 10:24

தாராளமாக.